இரண்டாவது புள்ளி

பழைய கார்களில் முதலில் தளர்வது பின்பக்கம்தான். ஓட்டுகிறவர் முன்னால் உட்கார்ந்திருப்பதால் அவருக்கு அது தெரியவர நாளாகும். பின்சீட்டில் இருப்பவர்கள் வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். சாலை மோசம் என்று சாலையைத் திட்டிவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள்.

வாகன ஆய்வாளரான உங்களுக்கு இது புதிதில்லை. நேற்றுக் காலை எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த உடைந்த இரும்பைச் சாப்பாட்டு மேஜைமேல் வைக்கத் தயங்கி, ஒரு செய்தித்தாளை விரித்து, அதன்மேல் வைத்தீர்கள். அந்த மரியாதையைக் கவனித்தேன். பிறகு ஒரு படிவத்தை நீட்டினீர்கள். வேலை செய்தவர் சொல்ல விரும்புவது என்ற இடத்தில் மூன்று வரிக்குத்தான் இடம் இருந்தது. எனக்குப் பேச்சு திக்கும். எழுதித் தருகிறேன் என்று சைகை காட்டி, மூன்று வரி எழுதினேன். வண்டி பழையது. இரும்பு பழையது. எங்களால் முடிந்தவரை பலப்படுத்திக் கொடுத்தோம். மூன்றும் உண்மை. மீதிக்கு அந்தத் தாளில் இடமில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

இரும்பின் உடைந்த முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினீர்கள். பாதி கறுப்பு, பாதி வெள்ளி.

"கறுப்பா இருக்குற இடம் பழைய விரிசல்மா. எப்பவோ விழுந்திருக்கு, அதுவும் உள்பக்கமா. வெளியில இருந்து யார் பாத்தாலும் தெரியாது. உங்க வெல்டிங் விடவே இல்ல, பாருங்க. தகடு அப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்குது" என்றீர்கள். அப்பாவின் தோளைத் தொட்டு, "பொண்ணுக்கு நல்ல கை" என்றும் சொன்னீர்கள். அப்பா அழுதார். கிளம்பும்போது கதவருகில் நின்று ஒன்று கேட்டீர்கள். "இந்த ஓரத்துல ரெண்டு புள்ளி குத்தியிருக்கே, அது என்ன?"

"ப-பட்டறை அடையாளம்" என்றேன்.

அதுவும் உண்மைதான்.

எங்கள் பட்டறை வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. தகரக் கூரை, இரண்டு வண்டி நிற்கிற சிமெண்டுத் தரை, நடுவில் ஆள் இறங்கி நின்று வேலை செய்ய ஒரு குழி, வெல்டிங் மெஷின், சுவரில் ஆணியடித்து வரிசையாகத் தொங்கவிட்ட ஸ்பேனர்கள். அங்கே அப்பா வைத்த விதி ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் செய்தவர், பஞ்ச் என்கிற கூர்முனை இரும்பை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, ஒரு புள்ளி குத்த வேண்டும். முடிந்தது என்று அர்த்தம். அப்புறம் வேறொருவர் அதைத் தடவி, உலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இன்னொரு புள்ளி குத்த வேண்டும். பார்த்தாயிற்று என்று அர்த்தம். ஒற்றைப் புள்ளியோடு எந்தச் சாமானும் எங்கள் வாசலைத் தாண்டியதில்லை. அப்பா செய்தால் நான் பார்ப்பேன். நான் செய்தால் அப்பா பார்ப்பார். முப்பது வருஷ வெல்டிங் வெளிச்சத்தில் அவர் கண் மங்கிப்போன பிறகும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். "இங்க ஒரு பொட்டுத் தூக்கலா இருக்கு, தேய்ச்சுவிடு."

வீட்டில் என்னைச் சின்னது என்பார்கள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒருநாள் வகுப்பில் என்னை எழுந்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார்கள். முதல் வார்த்தையில் மாட்டிக்கொண்டேன். டீச்சர் பொறுமைசாலி. உட்காரச் சொல்லாமல் காத்திருந்தார். மணி அடிக்கும்வரை நான் அந்த ஒரே எழுத்தில் நின்றேன். யாரும் சிரிக்கக்கூட இல்லை. மறுநாள் அக்கா என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். தலைமையாசிரியையின் அறையில் எனக்குப் பதிலாக அவளே பேசினாள். என் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அதற்குப் பிறகு எனக்குப் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. கடையில், டாக்டரிடம், போனில், விருந்தாளிகளிடம் எல்லாம் எனக்காக அக்காதான் பேசினாள். "சின்னதுக்குக் காரம் ஆகாது." "சின்னதுக்கு அந்தக் கலர் பிடிக்கல." நான் வாயைத் திறந்தாலே போதும், முடித்துவைத்துவிடுவாள். பத்துக்கு ஒன்பது முறை சரியாக இருக்கும். தவறிய ஒன்றையும் நான் சரியென்று ஏற்றுக்கொள்வேன். அம்மா நான் குழந்தையாக இருந்தபோதே போய்விட்டாள். எனக்கு அதனால் பெரிய குறை தெரிந்ததில்லை.

பட்டறை வேலையும் எனக்குச் சுலபமாக வந்தது. முகமூடியை இறக்கிக்கொண்டால் யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது. வெல்டிங் நடக்கிற இடத்தில் யாரும் பேச்சுக் கொடுப்பதும் இல்லை.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோதுகூட எதுவும் மாறவில்லை. மாமா எங்கள் வீட்டு மாடியிலேயே குடிவந்துவிட்டார். கட்டட வரைபடம் போடுகிற வேலை அவருக்கு. ஒரு கை நிறையப் பென்சிலும், அவர் அப்பா ஓட்டிய ஒரு பழைய காருமாக வந்து சேர்ந்தார். என்னைவிட இரண்டு வயது பெரிய கார் அது. மாமா நல்ல மனிதர். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. நான் பேச ஆரம்பித்தால் அவர் மட்டும் முடித்துவைக்க மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "நீ மெதுவா சொல்லு சின்னது. எனக்கென்ன ரயிலா போகுது?" என்பார். அவர் காத்திருப்பது எனக்குப் பிடிக்காது. அந்த டீச்சர் நினைவுக்கு வருவார்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. பிறகு மாமாவுக்கு ஓர் அணைக்கட்டு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. காரில் ஆறு மணி நேரத் தூரம். திங்கட்கிழமை போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். அதைக் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். அக்கா கடிதத்தை அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். அந்த வரியை நான் இரண்டு முறை கேட்டேன்.

அன்று மாலை மாடிப்படியில் துணி எடுக்கப் போனேன். உள்ளே மாமா பேசிக்கொண்டிருந்தார்.

"நாம போறது அவளுக்கும் நல்லதுதான். நீ இருக்குறவரைக்கும் அவ பேசப் போறதில்ல. நாம கிளம்பினா அவளே பேசுவா, பாரு."

அக்கா சிரித்தாள். "எனக்கும் ஓய்வு வேணும்பா. ரெண்டு ஆளுக்குச் சேத்துப் பேசிப் பேசி எனக்குத் தொண்டையே வறண்டு போகுது."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவள் சொல்வது பாதி விளையாட்டுத்தான். நான் துணிகளை எடுத்து மடித்து வைத்தேன்.

பாத்திரம், பீரோ, மாமாவின் சாய்வு மேஜை எல்லாவற்றையும் காரிலும் பின்னால் இழுத்துப்போக ஒரு சின்ன டிரெய்லரிலும் ஏற்றுவது என்று முடிவாயிற்று. அந்தக் கனத்துக்கு வண்டியின் பின்பக்கம் தாங்காது. குழியில் இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரங்களைச் சேர்க்கும் அச்சை வண்டியின் உடம்போடு பிடித்து வைத்திருப்பவை நான்கு இரும்புக் கைகள், கீழே இரண்டு, மேலே இரண்டு. பட்டறையில் ஆர்ம் என்போம். உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், ஆனால் எனக்கு இதைச் சொல்லப் பிடிக்கும். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அச்சு முன்னே பின்னே ஓடிவிடாமல் பிடித்து வைப்பது ஆர்ம். ஒரு பக்கக் கை விட்டுவிட்டால் அந்தப் பக்கச் சக்கரம் பின்வாங்கும். அச்சு சாயும். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கை யார் பிடித்திருந்தாலும் ஒன்றுதான்.

அந்தக் காலத்து ஆர்ம்கள் தகட்டை வளைத்துச் செய்தவை. மூன்று பக்கம் இரும்பு, ஒரு பக்கம் திறந்திருக்கும். திறந்த பக்கத்தில் இன்னொரு தகட்டை வைத்து வெல்டு செய்து மூடினால் பெட்டிபோல ஆகிவிடும், முறுக்காது. முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்களையும் மாற்றிவிட்டால் இருபத்தைந்து வயது வண்டிக்கு முதுகு நிமிர்ந்துவிடும்.

மாமா கடையில் புதிதாகவே வாங்கிவிடலாம் என்றார். அக்கா விடவில்லை.

"என் தங்கச்சி இருக்கும்போது கடைச் சாமான் எதுக்கு? அவ போட்ட தையல் பிரியாது. என்னடி?"

நான் தலையாட்டினேன்.

"பெரிய இன்ஜினியரம்மா தலையாட்டியாச்சு. அப்ப சரி" என்றார் மாமா.

புதன்கிழமை நான்கு ஆர்ம்களையும் கழற்றினேன். பெயிண்டையும் துருவையும் கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்து எடுத்தேன். பழைய இரும்பை மூடுவதற்கு முன்னால் விரிசல் பார்ப்பது எங்கள் வழக்கம். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மண்ணெண்ணெயைத் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸைத் தேய்க்க வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். வெள்ளையில் ஈரக்கோடு விழும்.

மூன்று ஆர்ம்கள் வெள்ளையாகவே இருந்தன. நான்காவது வலது பக்கக் கீழ் ஆர்ம். அதன் கழுத்தில், புஷ் உட்காரும் இடத்துக்குச் சற்று இந்தப் பக்கம், உள்சுவரில் ஒரு கோடு தெரிந்தது. தலைமுடி அளவுதான். என் சுண்டுவிரல் நகத்தின் நீளம். துடைத்துவிட்டு மறுபடி சாக்பீஸ் தேய்த்தேன். மறுபடி வந்தது. மூன்றாம் முறையும் தேய்த்தேன். அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. விரிசல் போகும்வரை பள்ளம் பறித்து, வெல்டால் நிரப்பலாம். தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கலாம், கடையில் ஒரே நாளில் கிடைக்கும். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லியிருந்தால் மாமா வெள்ளிக்கிழமைக்குள் புதியது வாங்கியிருப்பார். சனிக்கிழமை காலை கிளம்பியிருப்பார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். அக்கா போயிருப்பாள்.

நான் வேறு மாதிரி யோசித்தேன். விரிசல் ஒரே நொடியில் பிளந்துகொள்ளாது. முதலில் சத்தம் கொடுக்கும். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு டங், விடும்போது ஒரு டங். அந்தக் கனத்தோடு போனால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் சத்தம் ஆரம்பித்துவிடும். மாமா காது நல்ல காது, கேட்டுவிடுவார். திரும்பி வருவார். வண்டியை நான் பிரித்துப் போடுவேன். ஏதாவது ஒரு போல்ட் வராது. திங்கட்கிழமை போய்விடும். பட்டியலில் அடுத்தவர் கையெழுத்துப் போடுவார். யாருக்கும் ஒரு கீறலும் விழாமல் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இதை நான் நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் செய்தேன். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் இவ்வளவு யோசித்திருப்பேனா?

சாக்பீஸைத் துடைத்தேன். தகட்டை அளந்து வெட்டினேன். நான்கு ஆர்ம்களுக்கும் ஒரே மாதிரி வெல்டு போட்டேன். வளையாமல் இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி, ஆறவிட்டுப் போட்டேன். வலது கீழ் ஆர்முக்குக் கூடுதல் கவனம் எடுத்தேன். மூடிய பிறகு அந்தக் கோடு இருந்த இடம் இருட்டாகிவிட்டது. இன்னொன்றும் எனக்குத் தெரியும். முன்பெல்லாம் நடுப்பாகமும் கொஞ்சம் வளைந்து கொடுத்து சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும். இப்போது நடுப்பாகம் பெட்டியாகிவிட்டதால் எல்லாச் சுமையும் கழுத்துக்குப் போகும். அதை நான் செய்யவில்லை. பலப்படுத்தினால் அப்படித்தான் ஆகும்.

வியாழக்கிழமை காலை பெயிண்ட் அடித்துக் காயவைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி குத்தினேன். அப்பா கண் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் முதல் மூன்றையும் தடவிப் பார்த்து இரண்டாவது புள்ளி வைத்துவிட்டார். நான்காவதை அவர் கையில் எடுத்தபோது வாசலில் ஆட்டோ வந்துவிட்டது. "வந்து பாக்குறேன். அதை அப்படியே வை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது ஒற்றைப் புள்ளியோடு மேஜைமேல் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. அப்பா வந்து, தகட்டோரம் தடவிக்கொண்டே கழுத்துக்கு வந்து, சந்தேகப்பட்டு என்னைக் கேட்டிருந்தால் நான் மறைத்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

மதியம் அக்கா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். டப்பாவை வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேஜையைப் பார்த்தாள்.

"ஏண்டி, இது மட்டும் ஒத்தப் புள்ளியோட பாவமா உக்காந்திருக்கு?"

"அ-அப்பா..."

"அப்பா வரட்டும்னா? சரியாப் போச்சு. கண்ணுல மருந்து விட்டு அனுப்புவாங்க, சாயங்காலம் வரைக்கும் அவருக்கு நீ யாரு நான் யாருன்னே தெரியாது. கொடு இப்படி."

பஞ்சை எடுத்தாள். என் சுத்தியலை எடுத்தாள். ஆர்மைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒ-ஒரு தடவை பா..."

"பாக்கணுமா? நீ செஞ்சதை நான் பாக்கணுமாடி? வேற வேலை இல்ல எனக்கு."

டங் என்று ஒரே தட்டு. புள்ளி கொஞ்சம் கோணலாக விழுந்தது. நீங்களே கவனித்திருப்பீர்கள். முதல் புள்ளி நேராக இருக்கும், இரண்டாவது ஓரத்தில் சாய்ந்திருக்கும். அவள் தன் வேலையைத் தானே ரசித்து, "நானும் மெக்கானிக்தான்" என்று சொல்லி என் கன்னத்தில் கிரீஸ் தடவிவிட்டுப் போனாள்.

பார் என்று சொல்ல முயன்றேன். அதை மறந்துவிடாதீர்கள். அவள்தான் முடிக்கவிடவில்லை.

வெள்ளிக்கிழமை பூட்டினேன். புஷ் போல்ட்களை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கக்கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டி தன் கனத்தில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கேறிச் சீக்கிரம் கிழிந்துவிடும். பல பட்டறைகளில் இதைச் செய்வதில்லை. நான் செய்தேன். மாமா ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். பள்ளத்தில் விட்டால்கூடத் தெரியவில்லை, எங்க அப்பா இருந்திருந்தால் உன்னைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பார் என்றார். அவர் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

சனிக்கிழமை காலை எட்டரைக்குக் கிளம்பினார்கள். அக்கா முன்சீட்டிலிருந்து தலையை நீட்டி, "போன் பண்ணுவேன். நீதான் எடுக்கணும். அப்பாகிட்ட கொடுத்தே, அடுத்த தடவை வரும்போது காதைத் திருகுவேன்" என்றாள். அடுத்த தடவை என்ற சொல்லை அவள் எவ்வளவு சுலபமாகச் சொன்னாள் என்று யோசித்துக்கொண்டே கேட்டைச் சாத்தினேன்.

பத்தே முக்காலுக்குப் பட்டறையில் போன் அடித்தது. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் எடுத்தேன்.

"சின்னது, நல்லா எடுத்துட்டியே. கேளு. பின்னாடி டங்கு டங்குன்னு ஏதோ சத்தம் வருது. மாமா ஓரமா நிறுத்திக் குனிஞ்சு பாத்தாரு, ஒண்ணும் தெரியல. பக்கத்துல ஒரு மெக்கானிக் கடை இருக்காம். அங்க காட்டலாமா, இல்ல திரும்பிடலாமாங்கிறாரு. நீ சொல்லு."

"மி-மிதிக்கும்போதா?"

உள்ளே கேட்டுவிட்டுச் சொன்னாள். "மிதிச்சாலும் வருதாம், விட்டாலும் வருதாம்."

அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கழுத்து முக்கால்வாசி விட்டுவிட்டது. அதற்குமேல் அந்த வண்டி ஒரு தெருகூட ஓடக்கூடாது. அப்படியே நில்லுங்கள், நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கடைக்காரர் சும்மா இருப்பாரா? கழற்றுவார். கழுத்தைப் பார்ப்பார். கறுப்பு விரிசலைப் பார்த்து, இதை யாரம்மா மூடினது என்று கேட்பார். அக்கா எனக்காகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். முதல் முறையாக அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் போகும்.

"திரும்பி வந்துடுங்க. மெதுவா வாங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"ஏய்" என்றாள் அக்கா. "திக்கவே இல்லடி. ஒரு இடத்துல கூடத் திக்கல. என்னங்க, கேட்டீங்களா?"

பின்னால் மாமாவின் குரல் கேட்டது. சிரிப்போடு. "நான்தான் சொன்னேன்ல, நாம கிளம்பினா அவ பேசுவான்னு."

போனை வைத்தேன். அப்பா, "என்னவாம்?" என்றார். திரும்பி வர்றாங்க என்றேன். அதுவும் திக்கவில்லை. மாடிக்குப் போய் அவர்கள் அறையைப் பெருக்கி, ஜன்னலைத் திறந்து வைத்தேன். பாத்திரம் எல்லாம் வண்டியில் இருந்ததால் எங்கள் சமையலறையிலேயே நான்கு பேருக்கும் உலை வைத்தேன்.

மற்றது உங்கள் கோப்பில் இருக்கிறது. பாலத்துக்கு முந்தின வளைவு. வண்டி தானாகவே திரும்பியது என்று எதிரில் வந்த லாரிக்காரர் சொல்லியிருக்கிறார். மாமா அங்கேயே போய்விட்டார். அக்கா இரண்டரை மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மாமா வண்டியை மெதுவாகத்தான் ஓட்டியிருக்கிறார், நான் சொன்னபடி. டிரெய்லரின் கனம்தான் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறது. டிரெய்லர் என் யோசனை இல்லை.

உங்கள் படிவத்தில் இன்னும் மூன்று வரி இருந்திருந்தால் இப்படி எழுதியிருப்பேன். விரிசலைப் பார்த்தேன். மூடினேன். திரும்பி வரச் சொன்னேன்.

இப்போது அக்கா எங்கள் பழைய அறையில் இருக்கிறாள். சின்ன வயதில் நாங்கள் படுத்திருந்த அதே ஜன்னலோரம். கட்டிலுக்குப் பக்கவாட்டுக் கம்பி வேண்டும் என்றார்கள். நானே குழாய் வளைத்து வெல்டு போட்டேன். அவளுக்குப் பேச்சு வராது. கழுத்துக்குக் கீழே வலதுகை ஆள்காட்டி விரல் மட்டும் அசைகிறது. புத்தி முழுசாக இருக்கிறது என்கிறார் டாக்டர். தலை வாரிவிடுகிறேன். ஊட்டிவிடுகிறேன். யார் வந்தாலும் அவளுக்காக நான்தான் பேசுகிறேன். "அக்காவுக்கு வெளிச்சம் கூசுது." "அக்காவுக்கு இன்னைக்குப் பரவாயில்ல." பத்துக்கு ஒன்பது முறை சரியாகத்தான் இருக்கும். எனக்குத் திக்கல் நின்றுவிட்டதைக் கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள். துக்கத்தில் அப்படி நடப்பது உண்டாம். நேற்று உங்களிடம் மட்டும் ஏனோ மறுபடி வந்தது.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மா ஒருவர் வாரம் இரண்டு நாள் வருகிறார். ஆமாம் என்றால் கம்பியில் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அக்கா அவருக்கு எதுவும் தட்டவில்லை. நான் அறைக்குள் வரும்போது மட்டும் தட்டுகிறாள். நகத்தால், இரும்பில், டங் என்று ஒரே ஒரு தட்டு. தட்டிவிட்டு என்னைப் பார்ப்பாள். இரண்டாவதற்காக நானும் நின்று பார்ப்பேன். அது வராது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு மறுபடி ஒன்று.

"உங்களைப் பாத்தா மட்டும் தட்டுறாங்களே, என்ன கேக்குறாங்க?" என்றார் அந்த அம்மா.

எனக்கு உடனே வந்தது. அக்காவே சொன்னதுதானே.

"தண்ணி. அவளுக்கு எப்பவும் தொண்டை வறண்டு போகும்."

நேற்று நீங்கள் கதவருகில் நின்று அந்த இரண்டு புள்ளியைப் பற்றிக் கேட்டபோதும் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். உங்களை வழியனுப்பிவிட்டுப் போய் ஒரு டம்ளர் கொடுத்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டேன். மறுபடி தட்டினாள். மறுபடி கொடுத்தேன்.

ஒரு தட்டு என்றால் தண்ணீர். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். அப்பாகூட இப்போது அந்தச் சத்தம் கேட்டால் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்.